அம்மா ஏன் அறையை விட்டு வெளியே வருவதில்லை?

வாசகர் கேள்வி: முதியோர் நல மருத்துவரின் பதில்

பெங்களூரில் வேலை பார்க்கும் 49 வயது வாசகி ஒருவர் நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அம்மாவுக்கு 77 வயது. கும்பகோணத்தில் ஒரே தெருவில் நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர். திண்ணையில் தையல் மெஷினைப் போட்டுத் தெருவுக்கே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவர். மூன்று வருடத்துக்கு முன் கணவர் தவறிப்போனார். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. இனிமேல் தனியாக விடக்கூடாது என்று மகளும், டாலஸில் இருக்கும் மகனும் பேசி, திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கட்டண முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். ஏசி தனி அறை, டிவி, 24 மணி நேரமும் நர்ஸ், வாரம் ஒரு தடவை டாக்டர்.

சேர்த்து ஏழு மாதம் ஆகிறது. 54 கிலோ இருந்தவர் 48 கிலோவாகிவிட்டார். சாப்பாட்டுக் கூடத்துக்கு வருவதில்லை, தட்டு அறைக்குப் போகிறது, பாதி அப்படியே திரும்பி வருகிறது. பகலெல்லாம் தூங்குகிறார். போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச்சில்லை. "நேத்து என்ன சாப்பிட்டே?" என்றால் "தெரியல" என்கிறார். ஒரு நாள், "சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா உங்க எல்லாருக்கும் நிம்மதி" என்றும் சொல்லியிருக்கிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, கூடவே பிரஷர் மாத்திரை எல்லாம் பல வருடப் பழக்கம். ராத்திரி தூங்குவதில்லை என்று இரண்டு மாதமாக அல்பிரசோலமும் கொடுக்கிறார்கள். ஒரு கண்ணில் புரை இருக்கிறது. காது மெஷின் வாங்கிக் கொடுத்தும் மேஜை டிராயரிலேயே கிடக்கிறது.

இல்ல மேலாளர், "வயசானா இப்படித்தான், இது டிமென்ஷியா ஆரம்பம், மறதி நோயாளிகள் பகுதிக்கு மாத்திடலாம், மாசம் பதினஞ்சாயிரம் கூட ஆகும்" என்கிறார். பார்வையாளர்கள் ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை மட்டும், அதுவும் ரத்த உறவுகள் மட்டும். கும்பகோணத்து எதிர்வீட்டு அம்மா பஸ் பிடித்து வந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறையில் கேமரா வைத்து தினமும் வீடியோ கால் பேசினால் போதும் என்கிறார் மகன். "பெத்த பொண்ணு இருக்கும்போது ஹோம்ல விட்டா இப்படித்தான்" என்கிறார் பெரியம்மா. மகள் கேட்பது: இது டிமென்ஷியாவா? அம்மாவைப் பெங்களூருக்கு அழைத்து வந்துவிடட்டுமா? யாரும் வரக்கூடாது என்று சொல்ல இல்லத்துக்கு உரிமை உண்டா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஒவ்வொரு விவரத்தையும் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், அது எனக்குப் பெரிய உதவி. அம்மாவின் நிலைமைக்கு வயதை மட்டும் காரணம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. 77 வயதில் ஒருவர் ஏழு மாதத்தில் ஆறு கிலோ இழப்பது இயல்பான முதுமை கிடையாது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் போயிருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் 5 சதவீதம் குறைந்தாலே நாங்கள் காரணம் தேட ஆரம்பித்துவிடுவோம்.

அம்மாவுக்கு நடப்பதில் பெரும்பகுதி மனிதர்களிடமிருந்து விலகிப்போனதால் வந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதைப் பற்றிப் பேசும் முன் உடனே செய்ய வேண்டிய சில காரியங்கள் இருக்கின்றன.

இந்த வாரமே பார்க்க வேண்டியவை

முதலில் சர்க்கரை. அம்மா பாதி சாப்பாடுதான் சாப்பிடுகிறார், ஆனால் முழுச் சாப்பாடு சாப்பிட்ட காலத்து அளவிலேயே கிளிமிபிரைடு போகிறது. அந்த மாத்திரை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்குச் சர்க்கரை தாழ்ந்தால் இளைஞர்களைப் போல வியர்வை, படபடப்பு வந்துதான் தெரிய வேண்டும் என்றில்லை. தூக்கம், குழப்பம், பேச்சுக் குறைவு என்றுதான் பல பேருக்குத் தெரிகிறது. இன்றே இல்லத்துக்குப் போன் செய்து, அடுத்த இரண்டு மூன்று நாள் சாப்பாட்டுக்கு முன்னும், அசந்து தூங்கும் நேரத்திலும் விரல் நுனியில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே வந்தால் உடனே இனிப்பு கொடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். வராவிட்டாலும், இந்த எடைக்கும் இந்தச் சாப்பாட்டுக்கும் இதே அளவு மாத்திரை தேவையா என்று டாக்டர் மறுபடி பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது அல்பிரசோலம். வயதானவர்களுக்குக் கூடியமட்டும் தவிர்க்க வேண்டிய மருந்துகளில் இந்த வகை இருக்கிறது. மறதி, பகல் மயக்கம், நடை தடுமாற்றம் எல்லாவற்றையும் இது கூட்டும். ஏற்கெனவே விழுந்து எலும்பு முறிந்தவர் வேறு. அதற்காக நாளைக்கே நிறுத்திவிடச் சொல்லாதீர்கள். இரண்டு மாதம் போட்ட மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் தூக்கமே வராமல் பதற்றம் கூடும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். டாக்டர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மூன்றாவது ரத்தப் பரிசோதனைகள். தைராய்டு, பி12, சோடியம், ஹீமோகுளோபின், சிறுநீரகம், கூடவே சிறுநீர்ப் பரிசோதனை. மெட்ஃபார்மின் பல வருடம் போடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம், குறைந்தால் மறதியும் சோர்வும் வரும். சில பிரஷர் மாத்திரைகள் சோடியத்தைக் குறைக்கும். இவை எல்லாமே சரிசெய்யக்கூடியவை.

நான்காவது அந்த ஒரு வாக்கியம். "போய்ச் சேர்ந்துட்டா நிம்மதி" என்பதை நம் வீடுகளில் பெரியவர்கள் பேச்சுவாக்கில் சொல்வார்கள், நாமும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் சாப்பிடாமல், பேசாமல், எடை குறைந்துகொண்டிருக்கும் ஒருவர் சொல்லும்போது அதைக் கடந்துபோகக் கூடாது. நேரில் பக்கத்தில் உட்கார்ந்து, "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா? ஏதாவது செஞ்சுக்கலாம்னு நினைச்சியா?" என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதுவரை தனியாக விடக்கூடாது. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416, தமிழக அரசின் 104 ஆகிய இரண்டு எண்களிலும் தமிழில் பேசலாம்.

டிமென்ஷியாவா?

எழுத்தில் வந்ததை வைத்து ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது. மேலாளராலும் சொல்ல முடியாது. சர்க்கரை, சோடியம், பி12, தைராய்டு, தூக்க மாத்திரை, மனச்சோர்வு, காது கேளாமை இந்த ஏழையும் பார்த்து முடிக்காமல் டிமென்ஷியா என்ற பெயரை வைக்கக் கூடாது. அதற்கு முன்னால் வேறு பகுதிக்கு மாற்றும் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அறிமுகமான நாலு முகங்களையும் இழந்து, நோய் முற்றியவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தால் அம்மா இன்னும் ஒடுங்கிப்போவார்.

நீங்கள் நினைப்பதில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டியிருக்கிறது. பழைய கல்யாணங்களுக்கு யாருக்கு எந்தக் கலரில் ஜாக்கெட் தைத்தார் என்பது வரை அம்மா ஞாபகமாகச் சொல்கிறார், அதனால் டிமென்ஷியா இருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். டிமென்ஷியாவின் ஆரம்பத்திலும் பழைய நினைவு அப்படியே இருக்கும், புதிதாக நடப்பதுதான் முதலில் நழுவும். ஆகவே அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. அம்மா "தெரியல" என்று சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். மறதி நோய் உள்ளவர்கள் பெரும்பாலும் எதையாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார்கள். மனச்சோர்வில் இருப்பவர்கள் முயற்சியே செய்யாமல் "தெரியல" என்று விட்டுவிடுவார்கள். இது ஒரு குறிப்பு மட்டும்தான், இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. முதியோர் மனச்சோர்வைக் கண்டறிய 15 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது, கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம். முதியோர் நல மருத்துவர் கிடைக்காவிட்டால் நல்ல பொது மருத்துவரும் ஒரு மனநல மருத்துவரும் போதும். மனச்சோர்வு என்று தெரிந்தால் அதற்குத் தனி மருந்து உண்டு. தூக்க மாத்திரை அதற்கு மருந்தாகாது.

சுற்றி ஆள் இருந்தும் தனிமையா?

"அங்கே அறுபது பேர் இருக்கிறார்கள், அப்புறம் எப்படித் தனிமை?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆள் இல்லாமல் இருப்பது ஒன்று, ஆள் இருந்தும் ஒட்டாமல் இருப்பது இன்னொன்று. அம்மாவுக்கு நடப்பது இரண்டாவது. கும்பகோணத்தில் அவர் யாரையும் தேடிப் போய் அரட்டை அடித்தவராக எனக்குத் தெரியவில்லை. துணியோடு ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். அளவு எடுக்கும்போது பேச்சு, கை உயரம் எவ்வளவு வேண்டும் என்று விவாதம், தைத்ததை வாங்க வரும்போது இன்னும் கொஞ்சம் பேச்சு. அவருடைய உறவுகள் முழுக்க அந்த மெஷின் வழியாக வந்தவை. இப்போது யாருக்கும் அவரிடம் எதுவும் தேவைப்படவில்லை. நர்ஸ் வருகிறார், மாத்திரை கொடுக்கிறார், போகிறார். அங்கே நடக்கும் எல்லாமே அம்மாவுக்காகச் செய்யப்படுகிறது, அம்மா செய்ய ஒன்றும் இல்லை.

இது மனசு சம்பந்தப்பட்டது மட்டும்தானே, உடம்பு எப்படிக் கெடும் என்று உங்கள் அண்ணன் கேட்கலாம். 2010-இல் 148 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள், மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உறவுகள் வலுவாக இருந்தவர்கள் உயிர்பிழைத்திருக்கும் வாய்ப்பு, அப்படி இல்லாதவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கை, தனிமையோடு தொடர்புடைய இறப்புகள் உலகம் முழுவதும் வருடத்துக்கு எட்டே முக்கால் லட்சத்தை ஒட்டி இருக்கும் என்று மதிப்பிடுகிறது. நோயாளிகள் தாமாகவே ஒதுங்கிப்போவதும் உண்டு என்பதால் இதில் எது காரணம், எது விளைவு என்று முழுதாகப் பிரிக்க முடியாது. ஆனால் நடக்கும் விதம் எங்களுக்கு ஓரளவு தெரியும். தனிமையில் தூக்கம் துண்டு துண்டாகும், மன அழுத்த ஹார்மோன் கூடும், பிரஷர் ஏறும், உடலில் அழற்சி அதிகமாகும். முதியவர்களுக்கு இன்னும் நேரடியாகவே பாதிக்கும். தனியாகச் சாப்பிட்டால் சாப்பாடு குறையும், அறைக்குள்ளேயே இருந்தால் நடை குறையும், தசை கரையும், தசை கரைந்தால் விழுவார்கள், விழுந்தால் பயந்துகொண்டு இன்னும் அறைக்குள்ளேயே இருப்பார்கள். அம்மா இந்தச் சுற்றில் பாதி தூரம் போய்விட்டார்.

மேஜை டிராயரில் கிடக்கும் காது மெஷின்

கடிதத்தில் நீங்கள் ஒற்றை வரியில் சொல்லிவிட்டுப் போனது இது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. டிவியைச் சத்தமாக வைக்கிறார் என்று பக்கத்து அறையிலிருந்து புகார் வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சாப்பாட்டுக் கூடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டைல்ஸ் தரை, மேலே ஃபேன், எவர்சில்வர் தட்டும் டம்ளரும் இடிபடும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம். காது மந்தமானவருக்கு எதிரே இருப்பவர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். நாலு தடவை "என்ன?" என்று கேட்பார், ஐந்தாவது தடவை சிரித்துச் சமாளிப்பார், அப்புறம் தட்டை அறைக்கே கொண்டுவரச் சொல்லிவிடுவார். என்னிடம் வரும் பெரியவர்கள் பலரிடம் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். வெளியே பார்ப்பவர்களுக்கு "யாரோடும் சேர மாட்டேங்கிறாங்க" என்று தோன்றும்.

முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எடுத்துவிட்டாலே சிலருக்குப் பாதி சரியாகும். பிறகு மெஷினுக்கு பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியதோடு சரி என்றால் போதாது. கேட்பியல் நிபுணரிடம் திரும்பப் போய் அளவை மாற்றி அமைக்க வேண்டும், இரண்டு மூன்று தடவை போக வேண்டிவரும். முதலில் அமைதியான அறையில் ஒரு மணி நேரம், பிறகு ஒருவரோடு பேசும்போது, கடைசியாகத்தான் கூடத்தில். முதல் நாளே கூடத்தில் மாட்டிவிட்டால் டம்ளர் சத்தமெல்லாம் மண்டைக்குள் இடிக்கும், கழற்றி எறிந்துவிடுவார். பேட்டரி மாற்றுவது யார் வேலை என்று இல்லத்தில் ஒருவரைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். கண்புரை அறுவையையும் இனித் தள்ளிப்போட வேண்டாம்.

லான்செட் மருத்துவ இதழ் டிமென்ஷியாவுக்காக அமைத்த குழு 2024-இல் தடுக்கக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறை, சர்க்கரை, ரத்த அழுத்தம், சமூகத் தனிமை ஆகிய ஐந்தும் அதில் இருக்கின்றன, அம்மாவிடமும் இருக்கின்றன. காது மெஷின் நினைவாற்றலைக் காக்குமா என்று அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்று வருடத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வயதும் உடல் பிரச்சினைகளும் கூடுதலாக இருந்த பிரிவினரிடம் நினைவாற்றல் சரிவு கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. அம்மாவும் அவர்களைப் போன்றவர்தான்.

இல்லத்தோடு உட்கார்ந்து பேசுங்கள்

சண்டையாக ஆரம்பிக்க வேண்டாம். மேலாளர், பகல் நர்ஸ், சமையல் பொறுப்பாளர் மூன்று பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசுங்கள். முடிந்தால் அம்மாவும் அங்கே இருக்கட்டும்.

சாப்பாடு பற்றி: அறைக்குத் தட்டு அனுப்புவதை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். முதலில் ஒரு வேளை, மாலைக் காப்பி போல, கூட்டம் குறைந்த நேரத்தில், சுவரை ஒட்டிய மேஜையில், அம்மாவுக்கு ஒத்துப்போகும் ஒருவரோடு உட்கார வைக்கட்டும். நெதர்லாந்தில் ஐந்து முதியோர் இல்லங்களில் ஆறு மாதம் ஒரு சோதனை செய்தார்கள், 2006-இல் வெளிவந்தது. தட்டில் போட்டு நீட்டுவதற்குப் பதில் பாத்திரங்களை மேஜையில் வைத்து, அவரவருக்கு வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ள விட்டார்கள், பணியாளர்களும் கூடவே உட்கார்ந்து பேசினார்கள். பழைய முறையில் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்கு எடையும் உடல் திறனும் நன்றாக இருந்தன. இதில் செலவு ஒன்றும் பெரிதாக இல்லை. குழம்பை ஊற்றிக்கொள்ளும் கரண்டி அம்மா கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தையல் பற்றி: ஊசி, கத்தரி ஆபத்து என்று வாங்கி வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பயம் புரிகிறது, ஆனால் நாற்பது வருடம் ஊசி பிடித்தவரை விழுந்துவிடுவார் என்ற அதே கணக்கில் பார்க்கக் கூடாது. மணிக்கட்டு எவ்வளவு தாங்கும் என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரத்தில் நல்ல வெளிச்சம், ஒரு நர்ஸ் கண் பார்வையில் இருக்கும் நேரம், விரலில் மாட்டும் மூடி. சர்க்கரை இருப்பதால் குத்துக் காயம் கூடாது. அங்கே வேலை செய்யும் ஆயாக்களின் புடவைக்கு ஃபால்ஸ் வைக்க வேண்டியிருக்கும், ஜாக்கெட்டுக்கு ஹூக் அறுந்திருக்கும். அவர்களே வந்து, "பாட்டி, இதைக் கொஞ்சம் தைச்சுக் கொடுக்கிறீங்களா?" என்று கேட்கட்டும். பொழுதுபோக்குக்காக ஏதோ கையில் கொடுத்தோம் என்ற மாதிரி இருந்தால் அம்மாவுக்கு உடனே தெரிந்துவிடும். உண்மையான துணி, உண்மையான தேவையாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1976-இல் ஒரு முதியோர் இல்லத்தில், ஒரு பிரிவினருக்கு ஆளுக்கொரு செடி கொடுத்து, நீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு, உங்கள் அறையை எப்படி வைப்பது என்பது உங்கள் முடிவு என்றார்கள். இன்னொரு பிரிவினருக்குச் செடியும் கொடுத்து, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். மூன்று வாரத்திலேயே முதல் பிரிவினர் அதிகச் சுறுசுறுப்பாகவும் மற்றவர்களோடு பழகுபவர்களாகவும் மாறியிருந்தார்கள். சின்ன ஆய்வு, பெரிய முடிவுக்கெல்லாம் போகக் கூடாது. ஆனால் பொறுப்பு கையில் வரும்போது ஒரு மனிதர் நிமிர்வதை என் நோயாளிகளிடமும் பார்க்கிறேன்.

பார்வையாளர்கள் பற்றி: "யாராவது வந்துட்டுப் போனா அழறாங்க, அதான் வேண்டாம்" என்று மேலாளர் சொன்னதை நம்பி நீங்களும் ஒரு மாதம் போகாமல் இருந்துவிட்டீர்கள். பிரியும்போது அழுவது பிரியமானவர்கள் செய்வதுதான். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. வராமல் இருப்பதுதான் கெடுதல். சொல்லாமல் நழுவி வருவதை மட்டும் செய்யாதீர்கள். அடுத்து எப்போது வருவீர்கள் என்று அறைக் காலண்டரில் அம்மா கண்ணெதிரே எழுதிவிட்டுக் கிளம்புங்கள், எழுதிய தேதியில் கட்டாயம் போங்கள். கொரோனா சமயத்தில் நெதர்லாந்து 2020 மார்ச்சில் முதியோர் இல்லங்களுக்குப் பார்வையாளர்கள் வருவதை நாடு முழுக்கத் தடுத்தது. தனிமையின் பாதிப்பைப் பார்த்துவிட்டு, தொற்று ஓயும் முன்பே, மே மாதத்தில் சில இல்லங்களில் மறுபடி அனுமதித்துப் பார்த்தார்கள். தொற்று நோய் பரவிய காலத்திலேயே அப்படி என்றால், சாதாரண நாளில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இருக்க முடியாது.

உரிமை

நான் வழக்கறிஞர் இல்லை, ஆனால் இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால் தெரிந்ததைச் சொல்கிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, நலன் என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் உணவு, மருத்துவத்தோடு பொழுதுபோக்கு மையங்களையும் சேர்த்தே சொல்கிறது. பார்வையாளர் நேரம் பற்றி அதில் தனி விதி கிடையாது. ஆனால் அம்மா சுயமாக முடிவெடுக்கும் நிலையில் உள்ளவர், நீதிமன்றம் யாரையும் அவருக்குக் காப்பாளராக நியமிக்கவில்லை. யாரைப் பார்ப்பது என்பது அவர் விருப்பம். இல்லம் நேரத்தை ஒழுங்குபடுத்தலாம், வருபவரின் பெயரை எழுதி வாங்கலாம், காய்ச்சல் பரவும் சமயத்தில் தற்காலிகமாகக் கட்டுப்படுத்தலாம். அம்மா பார்க்க விரும்பும் ஒருவரை, ரத்த உறவு இல்லை என்பதற்காக மட்டும் வாசலில் திருப்பி அனுப்புவது சரியில்லை. சேர்க்கும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். எதிர்வீட்டு அம்மா உட்பட யார் யார் வரலாம் என்று அம்மாவே சொல்ல, அதை எழுதி, அம்மா கையெழுத்தோடு மேலாளரிடம் கொடுத்து நகலில் ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் மாவட்ட சமூக நல அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். மூத்த குடிமக்களுக்கான 14567 உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

அண்ணன் சொல்லும் வீடியோ கால்

வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அது நடக்கும் விதம் பயன்படாது. ராத்திரி ஒன்பது மணிக்கு, தூக்க மாத்திரை போட்ட பிறகு, காது கேட்காதவரிடம் "சாப்பிட்டியா? மாத்திரை போட்டியா?" என்றால் இரண்டு பதிலில் பேச்சு முடிந்துவிடும். காலை ஏழு மணிக்குக் காப்பி குடிக்கும்போது கூப்பிடச் சொல்லுங்கள், டாலஸில் அப்போது முன்னிரவு, அவருக்கும் வசதி. நர்ஸ் ஹெட்போன் மாட்டிவிட்டுப் போகட்டும். அம்மாவுக்கு மட்டும் தெரிந்த எதையாவது அண்ணன் கேட்கட்டும். வத்தக்குழம்புக்கு எப்போது வெல்லம் போடுவது, சட்டைக் காலர் நைந்தால் எப்படித் திருப்பித் தைப்பது என்று. கேமரா வேண்டாம். உடை மாற்றும் அறையில் கேமரா வைப்பது அம்மாவின் மானத்தைக் குறைக்கும், அது அவருக்குத் துணையாகவும் இருக்காது.

பெங்களூருக்கு அழைத்து வரலாமா?

உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன். ஒன்பதாவது மாடி, நீங்களும் கணவரும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்கு மேல் திரும்புகிறீர்கள், மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அம்மாவுக்குக் கன்னடம் தெரியாது. பகலில் ஓர் உதவியாளரும் டிவியும் மட்டும். திருச்சி அறையில் இருக்கும் அதே நாள்தான் அங்கேயும், ஜன்னல் மட்டும் வேறு. மாலையில் நீங்கள் வந்து பக்கத்தில் உட்காருவது பெரிய விஷயம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த உடல்நிலையில் இன்னொரு தடவை இடம் மாறுவது குழப்பத்தைக் கூட்டக்கூடும்.

என் யோசனை இது. சர்க்கரை, மாத்திரை, காது இவற்றைச் சரிசெய்து, மேலே சொன்னபடி இல்லத்தோடு பேசி, இரண்டு மாதம் பாருங்கள். வாரா வாரம் எடை போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதற்குள் மருத்துவர் சரி என்றால், ஒரு தடவை அம்மாவை நாலு நாள் கும்பகோணத்துக்குக் கூட்டிப்போங்கள். எடை ஏறவில்லை, இல்லமும் எதற்கும் அசையவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். நான் பெங்களூரைவிட முன்னால் தேடுவது கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஓர் இல்லத்தை. ஏசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தெருக்காரர்கள் நடந்தோ டவுன் பஸ்ஸிலோ வந்து போகும் தூரத்தில், வாசல் திறந்திருக்கும் இடமாக இருக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள், பணியாளர்கள் முதியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். முழு நேர உதவியாளரோடு சொந்த வீட்டுக்கே திரும்புவதும் ஒரு வழிதான். ஆனால் குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, ராத்திரிக்கும் ஆள் இதெல்லாம் இல்லாமல் வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் இத்தனை பக்கத்தில் மேலாளர் கருத்து, அண்ணன் கருத்து, பெரியம்மா கருத்து எல்லாம் இருக்கிறது. அம்மா எங்கே இருக்க விரும்புகிறார் என்பது மட்டும் இல்லை. கேட்டால் அழுவார் என்று பயந்திருப்பீர்கள். பரவாயில்லை, கேளுங்கள். காதுக்குக் கேட்கும் அமைதியான நேரத்தில், முகம் பார்த்து, ஒவ்வொரு வழியிலும் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று ஒளிக்காமல் சொல்லிக் கேளுங்கள். பெரியம்மாவுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மகன், மருமகள், பேரன் எல்லோரும் இருக்கும் வீட்டில் பின்கட்டு அறையில் பேச ஆளில்லாமல் இருக்கும் பெரியவர்களையும் நான் பார்க்கிறேன். அம்மாவைப் பாதுகாப்பாக வைக்கத்தான் இந்த முடிவை எடுத்தீர்கள், அதில் குற்றம் இல்லை.

அடுத்த ஞாயிறு போகும்போது மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே அனுமதி கேட்டு, கூடத்தில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகளும், மூன்று நாள் சர்க்கரை அளவுகளும், இப்போது போடும் மாத்திரைகளின் முழுப் பட்டியலும் கைக்கு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதவில்லை, அதையும் மறக்காமல் சேர்த்து அனுப்புங்கள். அதற்கு முன் ஒரே நாளில், இரண்டு நாளில் குழப்பம் திடீரென்று கூடினாலோ, எழுப்ப முடியாத அளவு தூங்கினாலோ, பதிலுக்குக் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.